பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்குங்கள்

வீட்டில் பல்லாங்குழிப் பலகை தூசி படிந்து கிடக்கிறதா? நாலு வயதுக் குழந்தைக்கு எண் பழக்க அதைவிட நல்ல சாமான் எனக்குத் தெரியவில்லை. முழு ஆட்டமெல்லாம் இப்போது வேண்டாம். 14 குழி, 14 புளியங்கொட்டை. குழிக்கு ஒன்றாகப் போடச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளைகூட, தட்டில் ஏழு முறுக்கை வைத்து எண்ணச் சொன்னால் ஒன்றை விட்டுவிடும், இன்னொன்றை இரண்டு தடவை எண்ணும். ஒரு பொருளுக்கு ஓர் எண் என்பது கையால் தொட்டு நகர்த்தும்போதுதான் பிடிபடும். கொட்டையை விரல் நுனியால் எடுத்துப் போடுவது பின்னால் பென்சில் பிடிக்கவும் உதவும்.

தப்பாகப் போட்டால் உடனே திருத்தாதீர்கள். "கடைசிக் குழிக்குக் கொட்டை இல்லையே, எங்கே போச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அதுவே தேடிக் கண்டுபிடிக்கும்.

பலகை இல்லையென்றால் இட்லித் தட்டு போதும். அப்புறம், மூன்று வயதுக்குக் கீழே கொட்டை வேண்டவே வேண்டாம். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும். எலுமிச்சம்பழமும் கிண்ணமும் கொடுங்கள். பெரிய பிள்ளை ஆடும்போதும் பக்கத்திலேயே உட்காருங்கள். முடிந்ததும் 14 இருக்கிறதா என்று சேர்ந்தே எண்ணி டப்பாவில் போட்டு மூடுங்கள்.