வன்னியில் இறுதியாண்டு ஆய்வா? பூச்சியத்தையும் கொப்பியில் எழுதுங்கள்

ஒருவர் குளக்கட்டில் வண்ணத்துப்பூச்சி எண்ணுகிறார். இன்னொருவர் ஆய்வுகூடத்தில் இரசாயனத் தாக்கத்தை வேகப்படுத்தும் ஊக்கி தயாரிக்கிறார். மூன்றாமவர் இளையோரின் அடையாளம் பற்றிய வினாக்கொத்தோடு வீடுவீடாகப் போகிறார். வவுனியா பம்பைமடுவிலோ கிளிநொச்சி அறிவியல் நகரிலோ பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைகள் இப்படி எந்தத் தலைப்பை எடுத்தாலும், ஆய்வு பழுதாகும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். கண்டதை எழுதுகிறோம், காணாததை எழுதாமல் விடுகிறோம்.

வண்ணத்துப்பூச்சியில் இது நன்றாகத் தெரியும். இலங்கையில் ஏறத்தாழ 248 இனங்கள் இருக்கின்றன. ஆடி, ஆவணியில் மட்டும் காட்டுக்குப் போய்விட்டு “வன்னியில் இனங்கள் குறைவு” என்று எழுதினால், அது வறட்சியைப் பற்றிய முடிவே தவிர வன்னியைப் பற்றியது இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை விழுந்து தளிர் வந்தால்தான் புழுக்களுக்குத் தீனி. அதனால் இரண்டு பருவத்திலும் ஒரே பாதையில் நடக்க வேண்டும். ஐந்து மீற்றர் அகலத்துக்குள் தெரிவதை மட்டும், ஒரே வேகத்தில் நடந்து எண்ணுங்கள். ஒன்றுமே காணாத நாளிலும் திகதி, நேரம், முகில், காற்று எல்லாம் எழுதிப் பக்கத்தில் பூச்சியம் போடுங்கள். அந்தப் பூச்சியம் இல்லாவிட்டால் சராசரி பொய்யாகக் கூடிவிடும்.

உச்சி வெயிலில் பல இனங்கள் நிழலில் ஒதுங்கிவிடும், ஆகவே காலை நேரம் நல்லது. குளக்கரை ஈரமண்ணில் கூட்டமாக இருப்பதைக் கண்டால் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே உப்புச்சத்து உறிஞ்ச வருபவை பெரும்பாலும் ஆண்கள். அந்த இடத்தில் மட்டும் நின்று எண்ணினால் பெண்கள் கணக்கில் வராமலே போய்விடும்.

இனங்காண்பதில் அதிகம் ஏமாற்றுவது கொமன் மோர்மன் என்ற வண்ணத்துப்பூச்சி. அதன் பெண்களில் ஒரு வகை, பறவைகள் தின்னாமல் ஒதுக்குகிற கொமன் ரோஸ் போலவே செட்டை விரிக்கும். செட்டையை விட்டு உடலைப் பாருங்கள். ரோஸின் உடலில் சிவப்பு இருக்கும், மோர்மனின் உடல் கறுப்பு. கறிவேப்பிலையிலோ தேசியிலோ முட்டையிடுகிறது என்றால் அது மோர்மன்தான். சந்தேகம் தீராவிட்டால் “இனம் தெரியவில்லை” என்று எழுதுங்கள், ஊகித்து ஒரு பெயரை நிரப்ப வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் கண்ணிவெடி முழுதாக அகற்றப்படாத நிலங்கள் இன்னும் உண்டு. பூச்சியைத் துரத்திக்கொண்டு பாதையை விட்டு இறங்கவே வேண்டாம். வலை போட்டுப் பிடிப்பதென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி முதலிலேயே கையில் இருக்க வேண்டும்.

சரி, ஊக்கிக்கு வருவோம். தைத்தேனியம் ஈரொட்சைட்டுத் தூளைச் சாயத்தண்ணீரில் போட்டு வெயிலில் வைத்தால் நிறம் மங்கும். உடனே “ஊக்கி வேலை செய்தது” என்று எழுதுவதுதான் வழக்கமான பிழை. சாயத்தில் ஒரு பகுதி சிதையாமல் தூளின் மேற்பரப்பில் ஒட்டியே மறைந்திருக்கும். தூள் போடாத சாயமும் வெயிலில் ஓரளவு மங்கும். ஆகவே முதலில் இருட்டில் அரைமணி நேரமளவு கலக்கி, நிறம் குறைவது நின்ற பிறகு அளந்து, அதற்குப் பின்னரே வெயிலில் வையுங்கள். பக்கத்தில் தூளில்லாத குவளை ஒன்றும் இருக்கட்டும். மாற்றம் இல்லாவிட்டாலும் அந்தக் குவளையின் அளவீட்டை அட்டவணையில் சேருங்கள். இலுப்பெண்ணெயில் பயோடீசல் செய்கிறவர்கள் அமிலப் பெறுமானத்தை, அதாவது எண்ணெயில் எவ்வளவு அமிலம் என்பதை, அளக்காமல் ஊக்கியாகச் சோடியம் ஐதரொட்சைட்டைப் போட்டால் மிஞ்சுவது சவர்க்காரம்தான். அந்த எண்ணெயில் கட்டற்ற கொழுப்பமிலம் அதிகம், அதை முதலில் அமில ஊக்கியோடு குறைக்க வேண்டும்.

இளையோர் ஆய்வில் காணாமல் போவது ஆட்கள். ரியூசன் வகுப்பிலும் பல்கலைக்கழகத்திலும் மட்டும் வினாக்கொத்துக் கொடுத்தால், ஆடைத் தொழிற்சாலைக்கு விடியப் பேருந்து ஏறுகிற பிள்ளையும் வயலில் நிற்கிற பிள்ளையும் வெளியே நிற்பார்கள். “சொந்த இடம்” என்று ஒற்றைக் கட்டம் போடுவதும் பிழை. 1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள், 1990இல் வெளியேற்றப்பட்டுத் திரும்பிய முஸ்லிம் குடும்பங்கள், 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்கள், தலைமுறையாக இங்கேயே கமம் செய்பவர்கள் எல்லாரும் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறார்கள். பெற்றோரின் ஊர், பிறந்த ஊர், வளர்ந்த ஊர் என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

அம்மா பக்கத்தில் இருக்கும்போது பிள்ளை சொல்லும் பதில் வேறாக இருக்கலாம், எனவே தனியாகப் பேச இடம் தேடுங்கள். காணாமலாக்கப்பட்டவரை இன்னும் தேடுகிற வீடாகவும் இருக்கலாம். பிடிக்காத கேள்வியை விட்டுவிடலாம் என்று தொடங்கும்போதே சொல்லுங்கள். அப்புறம், எந்தக் கேள்வியை எத்தனைபேர் விட்டார்கள் என்பதற்கு அட்டவணையில் ஒரு நிரல் ஒதுக்குங்கள்.