காலநிலை விஞ்ஞானி ஆகி, அரசுக் கொள்கையிலும் கை வைக்க

குமரி மாவட்டக் கடற்கரையில் குளச்சலிலோ தூத்தூரிலோ பிறந்தவருக்கு இந்த வேலை ஏன் என்று விளக்கத் தேவையில்லை, 2017 நவம்பர் 30 போதும். ஒக்கிப் புயல் வந்தபோது பல விசைப்படகுகள் பல நாளுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன, கரையில் சொன்ன எச்சரிக்கை அங்கே எப்படிப் போய்ச் சேரும்?

சரி, படிப்பு. பி.எஸ்சி. இயற்பியல் அல்லது கணிதம் எடுங்கள், ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.எஸ்சி., அப்புறம் முனைவர் பட்டம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் (ஐ.ஐ.எஸ்.சி.), புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் இரண்டையும் பாருங்கள். பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதத் தெரியாமல் இந்தப் பக்கம் வராதீர்கள்.

கொள்கைப் பக்கம் வேறு மாதிரி. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கைச் சுருக்கத்தை அரசுப் பிரதிநிதிகள் வரிக்கு வரி படித்து ஒப்புக்கொண்டால்தான் வெளியே வரும், ஒரு சொல்லுக்கே மணிக்கணக்கில் வாக்குவாதம் நடக்கும். அந்தப் பொறுமையை இங்கேயே பழகலாம். ஆட்சியர் அலுவலகத்தில் மீனவர் குறைதீர் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். தூண்டில் வளைவு (கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் போடும் கல்சுவர்) கேட்டு ஒருவர் எழுந்தால், அதற்குப் பக்கத்தில் உள்ள கரையை அலை அரிக்குமா என்று அடுத்த ஊர்க்காரர் சண்டைக்கு வருவார். இருவருக்கும் புரிகிற மாதிரி, ஒரே பக்கத்தில், தமிழில் எழுதிப் பாருங்கள். எனக்கு முதல் முறை நாலு பக்கம் வந்தது, யாரும் படிக்கவில்லை.

"நிகழ்தகவு 70 சதவீதம்" என்றால், "அப்போ கடலுக்குப் போகலாமா, வேண்டாமா மக்கா?" என்றுதான் மீனவர்கள் கேட்பார்கள். கச்சான் காற்றையும் (மேற்கிலிருந்து வீசுவது) நீவாட்டையும் (கடல் நீரோட்டம்) பற்றி அவர்களிடம் முதலில் கேட்டுவிட்டு, பிறகு உங்கள் வரைபடத்தை விரியுங்கள்.