மீட்டர் 12 காட்டும், ஸ்பீக்கர் உறுமும்: எல்எம்317 பவர் சப்ளை செய்முறை

போன வருஷம் நானே ஒரு பவர் சப்ளை செய்தேன். மீட்டரை வைத்தால் 12.0 என்று அழகாகக் காட்டியது. அதில் டிடிஏ2003 ஆம்ப்ளிஃபையரை மாட்டி வால்யூமைக் கூட்டினால் பாட்டுக்கு அடியில் "ம்ம்ம்" என்று ஓர் உறுமல். ஐசியை மாற்றினேன், ஷீல்டு ஒயர் போட்டேன், மூன்று வாரம் போச்சு. ஆம்ப்ளிஃபையரில் ஒரு கோளாறும் இல்லை. சப்ளையை லோடு (கரண்ட் இழுக்கும் கருவி) இல்லாமலே டெஸ்ட் செய்து "ஓகே" என்று மூடி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

சால்டரிங் வரும், டையோடில் கோடு எந்தப் பக்கம் என்று தெரியும் என வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

வாங்க வேண்டியவை

0-15 வோல்ட், 2 ஆம்ப் டிரான்ஸ்பார்மர். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜுக்கு 1என்5408 டையோடு நான்கு. 4700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் கெபாசிட்டர். எல்எம்317 (வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் ஐசி), அதற்குக் கையகல ஹீட் சிங்க், மைக்கா, பிளாஸ்டிக் புஷ். 220 ஓம் ரெசிஸ்டர், 2.2 கே பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்), 0.1 மற்றும் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒவ்வொன்று, 250 மில்லி ஆம்ப் ஃபியூஸ். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் ஒரே நடையில் முடிந்துவிடும். திரும்பும் வழியில் மெக்கானிக் கடையில் 12 வோல்ட் 10 வாட் பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதுதான் நம்ம டெஸ்டிங் கருவி.

பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் சொருகும் போர்டு) இதைச் செய்யாதீர்கள். ஒரு ஆம்ப் ஓடினால் அதன் கிளிப் சூடாகி இளகிவிடும். துளை போட்ட, சால்டர் செய்யும் டாட் போர்டு போதும்.

படி 1: கரண்ட் பக்கம்

ஃபியூஸ், சுவிட்ச், டிரான்ஸ்பார்மர் பிரைமரி (லைன் கரண்ட் போகும் பக்கம்), மூன்றும் வரிசையாக. மூட்டுகளில் ஸ்லீவ் கட்டாயம். முதல் தடவை ஆன் செய்யும்போது நேராக பிளக்கில் சொருகாமல், பழைய ரேடியோ மெக்கானிக்குகள் போல ஒரு 40 வாட் குண்டு பல்பை சீரிஸில் போடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு மினுக்கு மினுக்கி அணைந்தால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட், உடனே ஆஃப் செய்யுங்கள்.

படி 2: பிரிட்ஜும் கெபாசிட்டரும்

நான் சறுக்கிய இடம் இது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் பழைய சப்ளையில் இருந்தது 0-12 டிரான்ஸ்பார்மரும் 1000 மைக்ரோஃபாரடும். 12 வோல்ட் ஏசியின் உச்சம் 17. பிரிட்ஜில் 1.4 போனால் மீதி 15.5. ஆனால் கெபாசிட்டர் அந்த உச்சத்திலேயே நிற்காது. நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ் லைனில், பிரிட்ஜுக்குப் பிறகு 10 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவைதான் அது நிரம்பும். இடைப்பட்ட நேரத்தில் லோடு அதைக் காலி செய்துகொண்டே இருக்கும். எவ்வளவு இறங்கும் என்பதற்கு, ஆம்பை 0.01ஆல் பெருக்கி ஃபாரடால் வகுத்தால் தோராயமாக வந்துவிடும். 1000 மைக்ரோஃபாரட் என்றால் 0.001 ஃபாரட், எனவே அரை ஆம்புக்கு 5 வோல்ட்! அதாவது 15.5 இருந்தது 10.5 வரை இறங்கி ஏறுகிறது. 12 வோல்ட் கொடுக்க எல்எம்317இன் இன்புட்டில் சுமார் 14.5 வேண்டும். செகண்டுக்கு 100 தடவை அவுட்புட் பள்ளத்தில் விழுந்து எழுந்ததுதான் அந்த உறுமல். மீட்டரோ சராசரியைக் காட்டிவிட்டு சும்மா இருந்தது.

அதனால்தான் இப்போது 15 வோல்ட்டும் 4700ம். ஒரு ஆம்புக்குக்கூட இறக்கம் 2 வோல்ட் சொச்சம்தான். கெபாசிட்டர் 35 வோல்ட்டாகவே இருக்கட்டும். லோடு இல்லாதபோது டிரான்ஸ்பார்மர் 17 வரை தரும், ராத்திரியில் லைன் 250ஐத் தொட்டால் கெபாசிட்டரில் 25 ஏறிவிடும். இன்னொன்று, டிரான்ஸ்பார்மரில் எழுதியிருக்கும் 2 ஆம்ப் ஏசி கணக்கு. கெபாசிட்டர் போட்ட பிறகு டிசியில் அதில் அறுபது சதவீதம் எடுத்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ரெகுலேட்டர்

7805 (5 வோல்ட் ரெகுலேட்டர் ஐசி) பழக்கத்தில் கால்களை மாற்றிவிடாதீர்கள். எழுத்து உங்களைப் பார்க்க வைத்தால் இடமிருந்து அட்ஜஸ்ட், அவுட்புட், இன்புட். முதுகில் உள்ள தகடு அவுட்புட்டோடு சேர்ந்தது, கிரவுண்டோடு அல்ல. இரும்புப் பெட்டியில் மைக்கா இல்லாமல் முடுக்கினால் அவுட்புட் நேராக பாடியில் ஷார்ட்.

220 ஓமை அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்டுக்கும் நடுவில், கால்களுக்கு ஒட்டியே வையுங்கள். பாட் அட்ஜஸ்டிலிருந்து கிரவுண்டுக்கு. பாட்டின் நடுக்காலை ஓர் ஓரக்காலோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுங்கள். உள்ளே தொடர்பு விட்டுப்போனாலும் அவுட்புட் 14க்கு மேல் எகிறாது. 0.1ஐ இன்புட்டிலும் 10ஐ அவுட்புட்டிலும் போட்டால் வேலை முடிந்தது.

படி 4: டெஸ்ட்

சீரிஸ் பல்பைக் கழற்றிவிட்டு (அது இருந்தால் அளவு எல்லாம் பொய்) அவுட்புட்டை 12க்கு வையுங்கள். இப்போது இண்டிகேட்டர் பல்பை மாட்டுங்கள். சுமார் 0.8 ஆம்ப் இழுக்கும். மீட்டர் 11.8க்குக் கீழே இறங்கக் கூடாது. பத்து நிமிஷம் எரியவிட்டு, ஆஃப் செய்து ஹீட் சிங்கைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாவிட்டால் பெரிசாக மாற்றுங்கள்.

5 வோல்ட்டில் ஒரு ஆம்ப் எடுத்தால் 13 வாட் வெறும் சூடாகப் போகும். ஆர்டுயினோவுக்கு இது தண்டம், பழைய போன் சார்ஜரே போதும். ரேடியோ, ஆடியோவுக்குத்தான் இந்த வகை.

பின்சேர்க்கை 1: ஒருவர் 12-0-12 டிரான்ஸ்பார்மர் வாங்கி இரண்டு ஓரத்தையும் பிரிட்ஜில் கொடுத்து, கெபாசிட்டர் வெடித்தது என்று எழுதியிருந்தார். அது 24 வோல்ட் ஏசி, உச்சம் 34, லோடு இல்லாதபோது அதற்கும் மேல். நடு ஒயரும் ஏதாவது ஓர் ஓரமும் எடுத்தால் 12தான் வரும், அதுவும் இந்த வேலைக்குப் பத்தாது. 0-15 என்று கேட்டே வாங்குங்கள்.

பின்சேர்க்கை 2: "ஏசி ரேஞ்சில் வைத்து ரிப்பிள் (டிசியில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம்) பார்த்தால் 26 காட்டுகிறது" என்று இரண்டு பேர் கேட்டார்கள். மலிவான மஞ்சள் மீட்டர்கள் ஏசி ரேஞ்சில் டிசியைத் தடுக்காது, 12ஐ இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கிக் காட்டும். புரோபை மாற்றி வைத்தால் 0 வரும். ஸ்கோப் (அலையைத் திரையில் காட்டும் கருவி) இல்லாதவர்கள் காதை நம்பலாம். 10 மைக்ரோஃபாரடும் 1 கே ரெசிஸ்டரும் சீரிஸில் வைத்து, ஒரு பழைய இயர்போனை அவுட்புட்டில் கொடுங்கள். மாட்டும்போது "டப்" என்று அடிக்கும், அதனால் காதில் வைப்பது பிறகு. பல்பு எரியும்போது உறுமல் கேட்டால் படி 2க்குத் திரும்புங்கள்.