'நியூ ரெக்கார்டிங் 7': மலை வானொலியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வானொலி நிலையத்துக்கு ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். மைக்கைக் கண்டதும் சொந்தக் குரல் ஓடிப்போய்ச் சென்னைக் குரல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது தானாகச் சரியாகும். ஒலியளவைக் கூட்டும் ஃபேடரை ஏற்ற மறப்பது, மைக்கை அணைக்காமல் இருமுவது எல்லாமும் அப்படித்தான். நீலகிரியில் சமுதாய வானொலி நடத்த வருகிறவர்களை உண்மையில் கவிழ்ப்பவை வேறு.

கோடை பண்பலையைக் காப்பியடிப்பது

100.5 கேட்டு வளர்ந்தவர்களுக்கு வானொலி என்றாலே அதுதான். கொடைக்கானல் மலைமேல் கோபுரம். கீழே மதுரை, திண்டுக்கல், தேனி என்று நேயர்கள். அத்தனை மாவட்டத்துக்கும் பொதுவான பாட்டு வேண்டுமென்றால் சினிமாப் பாட்டுதான். சமுதாய வானொலிக்குப் பொதுவாக அனுமதிப்பது 100 வாட். கோத்தகிரிப் பக்கம் வைத்தால் படுகர் ஊர்களான ஹட்டிகள் சில, தொழிலாளர் குடியிருக்கும் எஸ்டேட் லைன்கள் சில, அவ்வளவே. சினிமாப் பாட்டு அங்கே எல்லார் கைப்பேசியிலும் இருக்கிறது. பக்கத்து ஹட்டி மூதாட்டி பாடும் படுகப் பாட்டு எந்தக் கைப்பேசியிலும் இல்லை. அதைப் போடாத நிலையத்தை எதற்காகத் திருப்பி வைக்க வேண்டும்?

பாட்டின் மேல் பேசுவது

பேசாதீர்கள்.

பதிவு செய்துவிட்டு எழுதி வைக்காமல் விடுவது

இதைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வரும். இரண்டு பிள்ளைகள் பஸ் பிடித்து, மீதித் தூரம் நடந்து, இருளர், கோத்தர் என்று ஏதோ ஒரு பழங்குடி ஊருக்குப் போகிறார்கள். பெரியவர்கள் தோட்டத்திலிருந்து திரும்பும்வரை காத்திருந்து, அருமையான பதிவோடு வருகிறார்கள். கம்ப்யூட்டரில் அது 'நியூ ரெக்கார்டிங் 7' என்று தூங்குகிறது. யார் வாசித்தது, எந்த ஊர், எதற்கு வாசிப்பது, ஒலிபரப்பச் சம்மதமா? கேட்டால் "ஞாபகம் இருக்கு சார்" என்பார்கள். ஞாபகம் வைத்திருந்த பிள்ளை அடுத்த வருடம் கோவையில் வேலை கிடைத்துப் போய்விடும்.

எங்கள் நிலையத்தில் ஒரு புதியவர் காலை நிகழ்ச்சிக்குப் பின்னணி இசை தேடினார். பெயரில்லாத கோப்பு ஒன்றிலிருந்து கோத்தர்களின் 'கொள்' என்னும் ஊதுகருவி வாசிப்பை வெட்டிப் போட்டார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கோத்தர் இசையில் தெய்வத்துக்கு, ஆட்டத்துக்கு, சாவுக்கு என்று மெட்டுகள் தனித்தனி. அவர் போட்டது சாவு மெட்டு. சந்தையில் பார்த்த பெரியவர் ஒருவர் "யாரு போயிட்டாங்க?" என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. மன்னிப்புக் கேட்கப் போனோம். யாரும் திட்டவில்லை, டீ கூடக் கொடுத்தார்கள். அடுத்த பதிவைப் பற்றிப் பேச்செடுத்தபோது மட்டும் "அப்புறம் பாக்கலாம்" என்றார்கள். அந்த 'அப்புறம்' வர வெகுநாள் ஆயிற்று.

இத்தனைக்கும் மருந்து அரை நிமிட வேலை. கருவியை ஓடவிட்டதும், பாட்டு தொடங்கும் முன், மைக்கிலேயே சொல்லுங்கள்: தேதி, ஊர், பாடுகிறவர் பெயர், என்ன கருவி, எந்தச் சடங்குக்கு உரியது, எப்போது ஒலிபரப்பக் கூடாது. சம்மதத்தை அவர் குரலிலேயே வாங்குங்கள். "நம்ம ஊர்ப் பாட்டுதானே" என்பது செல்லாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு நிகழ்த்தும் கலைஞருக்கு 50 ஆண்டு உரிமை தருகிறது.

எம்பி3 ஆக்கிவிட்டு மூலத்தை அழிக்கிறவர்களும் உண்டு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ வேவ் கோப்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி. இன்றைக்கு அது ஒரு செலவா? இரண்டு பிரதி எடுத்து இரண்டு கட்டடத்தில் வையுங்கள். இந்த ஈரத்தில் எந்த டிஸ்க் எப்போது படுக்கும் என்று சொல்ல முடியாது. பாட்டுக்கு நடுவே அவர்கள் பேசிச் சிரிப்பதையும் வெட்ட வேண்டாம். "இது களை எடுக்கும்போது பாடுறது" என்று அங்கேதான் சொல்லியிருப்பார்கள்.

தகரக் கூரைக்கடியில், மழையில் பதிவு

வேண்டாம். டீ குடித்துவிட்டு மழை விடும்வரை இருங்கள்.

ஸ்டுடியோவில் உட்கார்ந்து 'சிக்னல் பிரமாதம்' என்பது

பண்பலை அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போவது. நடுவே ஒரு மலைமுகடு வந்தால் அந்தப் பக்கத்து ஊருக்கு இரைச்சல்தான். வரைபடத்தில் வட்டம் போட்டு "பத்து கிலோமீட்டர்" என்கிறவர்களுக்குச் சமவெளிதான் தெரியும். சின்ன ரேடியோவோடு பஸ்ஸில் ஏறி, நிறுத்தம் நிறுத்தமாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நிலையம் எடுக்காத ஊரில் நீங்கள் ஒரு பாட்டைப் பதிவு செய்திருந்தால், பென்டிரைவில் ஏற்றிப் பாடியவர் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.