பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்: சார்ஜிங் வயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேஸிஸுக்குப் பவுடர் கோட்டிங் அடித்துப் புதுசு மாதிரி மின்ன வைத்த முதல் மாதத்திலேயே என் ஆர்எக்ஸ் 100-இல் மூன்று ஹெட்லைட் பல்பு போய்விட்டது. பேட்டரியில் காலையில் ஒரு ஹார்ன் அடிக்கக்கூடத் தெம்பில்லை. ஆர்.ஆர். யூனிட் (வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும், ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரும் சேர்ந்தது) போயிருக்கும் என்றார்கள். மாற்றினேன். அதுவும் சரியில்லை என்று இன்னொன்று மாற்றினேன். இன்ஜினோடு சுழன்று கரண்ட் தரும் மேக்னட்டின் காயிலைக் கழற்றி வைண்டிங் கடைக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்த பிறகுதான், எர்த் ஒயரைப் பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். அதன் அடியில் முழுக்கப் புதுக் கறுப்புப் பூச்சு. மரைக்குள்ளும் பூச்சு. இரும்பு எங்கேயும் தெரியவில்லை. உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேய்த்துப் பூட்டியதும் பல்பு போவது நின்றது, பேட்டரியும் ஏறத் தொடங்கியது.

1985 முதல் 1996 வரை வந்த இந்த வண்டிகளைச் சீர்செய்யும் எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கரண்ட் போகும் பாதைக்கு ஒயர் இருக்கிறது. அது திரும்பி வரும் பாதை பெரும்பாலும் இன்ஜினும் சேஸிஸும்தான். சேஸிஸுக்குப் பெயின்ட் அடித்தால் வயரிங்கில் பாதியின் மேல் பெயின்ட் அடித்துவிட்டோம் என்று பொருள்.

எர்த் விட்டால் பல்பு ஏன் எரிந்து போக வேண்டும், மங்கத்தானே வேண்டும் என்று கேட்கலாம். இந்த வண்டியில் ஹெட்லைட் பேட்டரியில் எரிவதில்லை. மேக்னட்டிலிருந்து நேராக வரும் ஏசியில் எரிகிறது. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க காயில் தரும் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். அளவுக்கு மிஞ்சியதை எர்த்துக்குத் தள்ளிவிடுவதுதான் ரெகுலேட்டரின் வேலை. அதற்கே எர்த் இல்லாவிட்டால் மிச்ச வோல்டேஜ் முழுவதும் பல்பின் தலையில் இறங்கும். டாப் கியரில் ஒரு இழுப்பு இழுத்ததும் பல்பு போகிறது என்றால், யூனிட்டைக் குறை சொல்லும் முன் அதன் எர்த்தைப் பாருங்கள்.

இன்னொரு பக்கம், பேட்டரி செத்தாலும் இந்த வண்டி ஓடும். ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தரும் சிடிஐ-க்கு மேக்னட்டிலேயே தனி காயில் உண்டு. அதனால் கிக்கரை உதைத்ததும் ஸ்டார்ட் ஆகிவிடும்; சார்ஜிங்கில் கோளாறு இருப்பது மாதக் கணக்கில் யாருக்கும் தெரியாது. பேட்டரியையே கழற்றி வைத்துவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சார்ஜிங் ஒயரில் வரும் வோல்டேஜின் ஏற்ற இறக்கத்தை வாங்கித் தணிப்பது பேட்டரிதான். அது இல்லாதபோது இண்டிகேட்டர் பல்பு, பிளாஷர், கடைசியில் ரெக்டிஃபையர் என்று ஒவ்வொன்றாகப் போகும்.

எர்த்தைச் சோதிக்கும்போது நடக்கும் தவறு ஒன்று. மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, பேட்டரி மைனஸிலும் இன்ஜினிலும் தொட்டு, சத்தம் வந்ததும் நல்லது என்று மூடிவிடுகிறோம். ஒயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அந்தச் சத்தம் வரும். கரண்ட் ஓடும்போது என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரி மைனஸ் முனையில், மறு முனை இன்ஜினின் வெறும் அலுமினியத்தில். வண்டியை ஓடவிட்டு இண்டிகேட்டரைப் போட்டு ஹார்ன் அடியுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் வழியில் எங்கோ துரு, பூச்சு அல்லது அறுந்த இழை இருக்கிறது. மறு முனையை ஆர்.ஆர். யூனிட்டின் எர்த்தில் வைத்தும், சேஸிஸில் வைத்தும் பாருங்கள். எந்த இடத்தில் எண் எகிறுகிறதோ அங்கேதான் கோளாறு.

என் வண்டியில் இப்போது சேஸிஸை மட்டும் நம்புவதில்லை. பேட்டரி மைனஸிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒன்று நேராக இன்ஜின் போல்ட்டுக்குப் போகிறது. அதிலிருந்து ஒரு கிளை ஆர்.ஆர். யூனிட்டுக்கு, ஒன்று சேஸிஸுக்கு. முனைகளில் லக்கு (ஒயர் முனை வளையம்) அழுத்தி, அடியில் ஸ்டார் வாஷர் வைத்து இறுக்கி, அதன் பிறகு மேலே வாசலின் தடவியிருக்கிறேன். வீட்டு வயரிங்கில் மிஞ்சிய ஒற்றைக் கம்பி ஒயரை இதற்குப் போடாதீர்கள். டூ ஸ்ட்ரோக் இன்ஜினின் அதிர்வில் அது உள்ளுக்குள் முறிந்துவிடும், வெளியே தெரியாது.

அடுத்தது, இப்போது பரவலாக நடக்கும் எல்இடி மாற்றம். இதில் காயிலையே எரித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளிச்சம் போதவில்லை என்று எல்இடி போடுகிறார்கள்; அதற்கு டிசி வேண்டும் என்று, ஏசியின் இரண்டு பாதியையும் டிசியாக்கும் புல்வேவ் ஆர்.ஆர். யூனிட் வாங்கி, பழைய ஒயர்களிலேயே சொருகிவிடுகிறார்கள். இந்த வண்டியின் லைட்டிங் காயிலுக்கு ஒரு முனை காயில் பிளேட்டிலேயே எர்த் ஆகியிருக்கிறது. புல்வேவ் யூனிட்டுக்கோ காயிலின் இரண்டு முனைகளும் எர்த்தைத் தொடாமல் தனித்தனியாக வர வேண்டும். எர்த் ஆன முனையை அப்படியே விட்டுவிட்டு இணைத்தால், ஏசியின் ஒவ்வொரு சுழற்சியிலும் பாதி நேரம் யூனிட்டுக்குள் இருக்கும் டயோடு வழியாகக் காயில் ஷார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். யூனிட் கை வைக்க முடியாமல் கொதிக்கும், காயில் கருகும். மேக்னட்டைக் கழற்றி, அந்த முனையைப் பிளேட்டிலிருந்து எடுத்து, தனி ஒயர் பற்றவைத்து வெளியே கொண்டுவர வேண்டும். சிடிஐ காயிலின் எர்த்தை மட்டும் தொடவே கூடாது. தொட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. வேலை முடிந்ததும் லைட்டிங் காயிலின் இரு முனைகளையும் இன்ஜினோடு வைத்து மீட்டரில் பாருங்கள். சத்தம் வரவே கூடாது.

சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய வயரிங் செட்டுகளைப் போடும்போது நிறத்தை நம்பி ஏமாறாதீர்கள். யமஹாவில் கறுப்பு என்றால் எர்த். ஹீரோ ஹோண்டாவில் எர்த் பச்சை. அங்கே கறுப்பு, சாவி போட்டதும் பிளஸ் வரும் ஒயர். சிடி 100-இன் கப்ளர் (ஒயர்களைச் சொருகி இணைப்பது) துண்டை ஆர்எக்ஸில் நிறம் பார்த்துச் சேர்த்தால் நேராக ஷார்ட்தான்.

அப்போது காப்பாற்ற ஃபியூஸ் இருக்க வேண்டும். சிகரெட் பாக்கெட்டின் ஜிகினாத் தாளையோ செப்பு இழையையோ சுற்றிய ஃபியூஸ் காப்பாற்றாது, ஒயர்தான் எரியும். பேட்டரியை மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். கழற்றும்போது மைனஸ் முதலில். பிளஸ், மைனஸ் மாறிப்போனால் ரெக்டிஃபையருக்கு ஒரு நொடி போதும்.

ஹேண்டிலைத் திருப்பும்போது லைட் மங்கினால், கழுத்துப் பகுதியில் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது, அல்லது ஹெட்லைட் கிண்ணம் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) வழியாகத்தான் எர்த்தைத் தேடிக்கொண்டிருக்கிறது. அங்கே முழுக்க கிரீஸ். கிண்ணத்துக்குத் தனி எர்த் ஒயர் இழுத்துவிடுங்கள்.

இவ்வளவும் சரி என்று மீட்டர் சொன்ன பிறகு பேட்டரியை அளந்து பாருங்கள். சார்ஜ் நிறைந்த பேட்டரி, வண்டி ஓடாதபோது 12.6 வோல்ட் அளவில் நிற்கும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிப் பிடித்தால் 13.5-இலிருந்து 14.5-க்குள் வர வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போயிருக்கிறது. இப்போது அதை மாற்றலாம். 13-ஐத் தொடவே மாட்டேன் என்றால் கப்ளரைக் கழற்றி, காயிலிலிருந்து வரும் ஏசியை அளந்து பாருங்கள். வேகம் கூடக் கூட அதுவும் ஏறாவிட்டால், அப்போதுதான் வைண்டிங் கடைக்குப் போக வேண்டும்.