குடியாத்தம் சிரசு பாக்க வர்றீங்களா, தலையை மட்டும் பாத்துட்டு கிளம்பிடாதீங்க

போன வருஷம் என்கூட வேலை செய்யற ரெண்டு பேர், கோயம்புத்தூர் பக்கத்துக்காரங்க, எங்க வேலூர் மாவட்டம் குடியாத்தத்துல நடக்கற கெங்கையம்மன் சிரசுத் திருவிழா (சிரசுன்னா அம்மனோட தலை) பாக்கணும்னு ஆசைப்பட்டு வந்தாங்க. காலைல எட்டு மணிக்கு குடியாத்தத்துல வந்து இறங்கி, ரோட்டோரமா ஒரு மணி நேரம் நின்னு, அம்மன் சிரசு போறதை போன்ல எடுத்துகினு பத்து மணிக்கெல்லாம் பஸ் ஏறிட்டாங்க. சூப்பரா இருந்துச்சி, செம கூட்டம்னு சொன்னாங்க. எனக்கு தான் மனசு ஆறல. ஏன்னா அவங்க பாத்தது வெறும் தலையை தான், அந்தத் தலை போய் உடம்போட சேர்றதையும் பாக்கல, ராத்திரி பிரிஞ்சி போறதையும் பாக்கல. அதனால தான் இதை எழுதறேன், இந்த வருஷம் வர்றவங்களாவது முழுசா பாருங்க.

முதல்ல கதை தெரிஞ்சிகினு வாங்க, கதை தெரியாம வந்தா அது வெறும் ஊர்வலம் தான். ஜமதக்னி முனிவர் சம்சாரம் ரேணுகா. தினமும் ஆத்துக்குப் போய் மணலைப் பிடிச்சே குடம் செஞ்சி தண்ணி கொண்டாந்துடுவாங்க, அவ்ளோ கற்பு. ஒருநாள் தண்ணில ஒரு கந்தர்வனோட நிழல் தெரிஞ்சிது, ஒரு நிமிஷம் மனசு அங்க போச்சி, குடம் நிக்கல. முனிவருக்கு கோவம் வந்து புள்ளைங்களைக் கூப்ட்டு அம்மா தலையை வெட்டுன்னு சொல்றாரு, மத்த புள்ளைங்க முடியாதுன்னுட்டாங்க, பரசுராமர் மட்டும் அப்பா பேச்சைத் தட்டாம துரத்திகினு போனாரு. ஓடுன ரேணுகாவுக்கு அடைக்கலம் குடுத்தது ஒரு ஒடுக்கப்பட்ட சாதிப் பொம்பளை. கட்டிப்புடிச்சிகினு நின்னதுல ரெண்டு பேரு தலையும் விழுந்துடுச்சி. அப்பால பரசுராமர் அம்மாவைத் திருப்பிக் குடுன்னு வரம் கேட்டு ஒட்ட வெச்சசொல்ல தலை மாறிப்போச்சி, ரேணுகா தலை அந்தப் பொம்பளை உடம்புல உக்காந்துடுச்சி. ஊருக்கு ஊர் கதை கொஞ்சம் மாறும், சில பேர் அவங்க துணி துவைக்கிற வீட்டுப் பொம்பளைன்னு சொல்லுவாங்க. எங்க அத்தை சொன்னது நான் மேல சொன்னது.

குடியாத்தம் சிரசு இந்தக் கதையை ஒரே நாள்ல ஊர் முழுக்க நடத்திக் காட்டுறது தான். தரணம்பேட்டை முத்தாலம்மன் கோயில்ல இருந்து தலை மட்டும் கிளம்பி கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்கு வரும், அங்க உடம்பு தயாரா நின்னுகினு இருக்கும். சண்டாளச்சி உடல்னு தான் இன்னிக்கும் சொல்றாங்க. அடைக்கலம் குடுத்து உயிரை விட்டவளோட உடம்பு அது, அதை தான் ஊரே, எல்லா சாதி ஆளுங்களும் கையெடுத்து கும்புடறாங்க. எனக்கு இந்தத் திருவிழால பெருசா படறது இது தான். (எங்க பக்கம் கங்கை இல்லைங்க, கெங்கை. கோயில் போர்டுலயும் அப்படித்தான் இருக்கும்.)

நாள் எப்பவும் வைகாசி 1, அதாவது மே 14 இல்லன்னா 15, காலண்டரைப் பாத்துக்குங்க. அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே காப்பு கட்டி, பால்கம்பம் நட்டு திருவிழா ஆரம்பிச்சிடும். சிரசுக்கு முதல் நாள் தேர். முடிஞ்சா தேர் அன்னிக்கே வந்துடுங்க, இது தான் நான் சொல்ற முதல் விஷயம். தேர் மேல ஜனங்க உப்பும் மிளகும் வீசி வேண்டிக்குவாங்க, பக்கத்துல நின்னா தலை பூரா மிளகு தான் இருக்கும், கண்ணுல படாம பாத்துக்குங்க. அன்னிக்கு ராத்திரி ஊர் தூங்காது. மூட்டை மூட்டையா தேங்கா வந்து இறங்கி ரோட்டோரமா மலை மாதிரி குவிஞ்சிருக்கும், பூக்கட்றவங்க விடிய விடிய கட்டிகினு இருப்பாங்க, எங்கயாவது ஒரு சந்துல புலி வேஷத்துக்கு உடம்புல மஞ்சள் பெயிண்ட் அடிச்சிகினு ரெண்டு கையையும் விரிச்சி அசையாம நிப்பாங்க, பெயிண்ட் காயணுமே. அது காயற வரைக்கும் உக்காரவும் முடியாது சாப்பிடவும் முடியாது, சின்னப் பசங்க சோடாவை ஸ்ட்ரா போட்டு வாயில வெப்பாங்க. இதெல்லாம் காலைல வர்றவங்களுக்கு கிடைக்காது.

வேலூர்ல இருந்து பள்ளிகொண்டா வழியா 35 கிலோமீட்டர் மாதிரி வரும், பஸ் நிறைய இருக்கு, அன்னிக்கு ஸ்பெஷலும் விடுவாங்க. ட்ரெயின்ல வந்தீங்கன்னா காட்பாடிக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவுல குடியாத்தம் ஸ்டேஷன், ஆனா ஸ்டேஷன் ஊருக்கு வெளிய இருக்கு, ஷேர் ஆட்டோ புடிக்கணும். கார்ல வர்றது வேணாம்னு தான் சொல்லுவேன், டவுனுக்குள்ள விடமாட்டாங்க, எங்கயோ நிறுத்திட்டு வெயில்ல நடக்கணும், திரும்பசொல்ல அந்த வண்டியை வெளிய எடுக்கறதே பெரும்பாடு. தெரிஞ்சவங்க வீடு இருந்தா அங்க தங்குங்க, இல்லன்னா வேலூர்லயே ரூம் போட்டுகினு விடியக்காலைல முதல் பஸ்ல வந்துடுங்க.

வெயிலைப் பத்தி சொல்லியே ஆகணும். எங்க வேலூரை வெயிலூர்னு சொல்றது சும்மா இல்ல, அதுவும் இது அக்னி நட்சத்திரம், 40 டிகிரியைத் தாண்டும். ஏன் இந்த வெயில்ல திருவிழா வெச்சாங்கன்னு சின்ன வயசுல கேட்டிருக்கேன், வெயில்னால தான் திருவிழாவேன்னு அத்தை சொன்னாங்க. சூடு ஏறுனா அம்மை வரும், அதுக்குத் தான் வேப்பிலை, மஞ்சத்தண்ணி, கூழ், நீர்மோர் எல்லாம். ஊரே அம்மனையும் குளிர வெச்சி தன்னையும் குளிர வெச்சிக்கிற நாள் அது. காட்டன் துணி, தலைக்கு ஒரு துண்டு, தண்ணி பாட்டில், இது போதும். நகை வேணாம், பெரிய பேக் வேணாம். சின்னப் பசங்களைக் கூட்டிகினு வந்தா சட்டைப் பாக்கெட்ல உங்க போன் நம்பர் எழுதின சீட்டு வெச்சிடுங்க.

விடியக்காலைலயே முத்தாலம்மன் கோயில் பக்கம் போயிடுங்க. சிரசு வெளிய வரசொல்ல பம்பையும் மேளமும் ஒண்ணா எழும்பும் பாருங்க, அந்தச் சத்தம் காதுல இல்ல, நெஞ்செலும்புல கேக்கும். பெரிய தலை, அகலக் கண்ணு, குங்குமம், மாலை மேல மாலை போட்டு முகம் மட்டும் தான் தெரியும். முன்னாடி புலியாட்டம், சிலம்பாட்டம், பொய்க்கால் குதிரை எல்லாம் போகும். அங்க பாத்துட்டு கூட்டத்தோட தள்ளிகினு வராதீங்க, வேற தெரு வழியா முன்னாடி போய் நடுவுல ஒரு இடத்துல நில்லுங்க. வயசானவங்க கூட இருந்தா கடைத் திண்ணையோ மாடியோ கேட்டுப் பாருங்க, அன்னிக்கு யாரும் வேணாம்னு சொல்லமாட்டாங்க, மேல ஏத்தி விட்டு மோரும் குடுப்பாங்க.

தேங்கா தான் இந்த ஊர்வலத்தோட உயிர். வேண்டுதல் வெச்சவங்க ஒண்ணு ரெண்டு இல்ல, நூறு ஆயிரம்னு குவிச்சி வெச்சி சிரசு கிட்ட வரவர உடைப்பாங்க. மாமாவுக்கு உடம்பு சரியில்லாம போனப்போ எங்க அத்தை 108 தேங்கா வேண்டிகினாங்க, நானும் கூட உக்காந்து ஒவ்வொண்ணுக்கும் மஞ்சள் தடவி குங்குமம் வெச்சேன், கை ரெண்டு நாளைக்கு மஞ்சளா இருந்துச்சி. சிரசு எங்க தெருமுனை திரும்புச்சி, மாமா தான் முதல் தேங்காயை எடுத்தாரு, ஆறு மாசமா படுத்துகினு இருந்த மனுஷன், கை நடுங்குது, ஓங்கிப் போட்டாரு பாருங்க, ரெண்டா இல்ல நாலா தெறிச்சிது. அத்தை அழுதுட்டாங்க. அந்த ரோடு பூரா இளநித் தண்ணி மழை பெஞ்ச மாதிரி ஓடும், கால் பிசுபிசுன்னு ஒட்டும், கற்பூர வாசனையும் தேங்கா வாசனையும் சேர்ந்து ஒரு மாதிரி இனிப்பா இருக்கும் காத்து.

ஆனா ஜாக்கிரதை. உடைக்கிற எடத்துக்கு நேர் எதிர்ல நிக்காதீங்க, சில்லு தெறிக்கும். பொறுக்கறேன்னு குனியவே குனியாதீங்க, பின்னாடி கூட்டம் தள்ளுச்சின்னா எழுந்திருக்க முடியாது. பன்னெண்டு வயசுல நான் வெறுங்காலோட ஓடிப்போய் தேங்கா ஓட்டு மேல மிதிச்சி குதிகால் கிழிஞ்சி, இன்னும் அந்தத் தழும்பு இருக்கு. சாமிக்குன்னு வெறுங்கால்ல நடக்கறவங்க நடக்கட்டும், வேண்டுதல் இல்லாதவங்க செருப்பு போட்டுகினு ஓரமா நில்லுங்க, சிரசு எதிர்ல வரசொல்ல மட்டும் கழட்டிக்குங்க.

சாமி வந்து ஆடறவங்களை நிறைய பாப்பீங்க. மூஞ்சிகிட்ட போனை நீட்டாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். அவங்க வீட்டு ஆளுங்க கூடவே இருப்பாங்க, மஞ்சத்தண்ணி தெளிச்சி, எலுமிச்சம்பழம் குடுத்து அவங்க பாத்துக்குவாங்க. நம்ம வேலை வழி விடறது மட்டும் தான்.

இப்ப முக்கியமான இடம். ஊர்வலம் போயிடுச்சேன்னு கிளம்பிடாம கோபாலபுரத்துக்கு நடங்க. சிரசு கோயிலுக்குள்ள போயி உடம்பு மேல பொருத்துவாங்க, பொருத்தி கண் திறப்பாங்க. உள்ள போய் பக்கத்துல பாக்கறது எல்லாருக்கும் முடியாது, வெளிய நின்னாலே போதும். அதுவரைக்கும் தோள்ல தோள் இடிச்சிகினு சண்டை போட்டுகினு இருந்த கூட்டம் ஒரு நொடி அமைதியாகும், அப்பால ஓம் சக்தி பராசக்தின்னு ஒரு சத்தம் கிளம்பும், எத்தனை வருஷம் கேட்டாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். காலைல இருந்து தலையா மட்டும் வந்த அம்மா அப்போ தான் முழுசா நிக்கறாங்க. தரிசனத்துக்கு க்யூ பெருசா இருக்கும், மத்தியானம் ரெண்டு மூணு மணிக்கு கொஞ்சம் குறையும், அப்ப போங்க. சேலை, மாலை சாத்தணும்னா முன்னாடியே வாங்கி வெச்சிக்குங்க, அங்க விலை ஏறிடும்.

நடுவுல சாப்பாடு. யாராவது வீட்டுக்கு கூப்ட்டா கண்டிப்பா போங்க, கூச்சப்பட வேணாம், அன்னிக்கு வர்றவங்களுக்கு போடணும்னு தான் சமைச்சிருப்பாங்க. கட்டிக்குடுத்த பொண்ணுங்க எல்லாம் புள்ளைங்களோட அம்மா வீட்டுக்கு வந்திருப்பாங்க, வீடு நிறைஞ்சிருக்கும். வெறுங்கையோட போகாம ஒரு சீப்பு வாழப்பழமும் பூவும் வாங்கிகினு போங்க. காசு குடுக்காதீங்க, மனசு கஷ்டப்படுவாங்க. கேழ்வரகு கூழ் குடுத்தா சொம்போட வாங்கி குடிங்க, சின்ன வெங்காயம் கடிச்சிகினு. அத்தை வீட்ல கருவாட்டுக் குழம்புல இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்கா போடுவாங்க, எங்க அணைக்கட்டு ஊர்ப் பக்கத்து காய், 2023ல புவிசார் குறியீடு வாங்குச்சி, அது குழம்புல வெண்ணெய் மாதிரி கரையும் ஆனா தோல் கழண்டு வராது. வெளில பந்தல் போட்டு பானகமும் மோரும் ஊத்துவாங்க, அதுலயும் வெக்கப்படாம வாங்கிக்குங்க.

சாயங்காலம் கௌண்டன்ய மகாநதி ஆத்துப் பக்கம் போயிடுங்க. பெரும்பாலும் தண்ணி இருக்காது, மணல் தான், கடையும் ராட்டினமுமா இருக்கும். இருட்டுனதும் கோயில்ல சிரசை உடம்புல இருந்து பிரிச்சி எடுத்து ஆத்துல சலவைத்துறைக்கு கொண்டாந்து, அங்க இருந்து மறுபடி முத்தாலம்மன் கோயிலுக்கே கொண்டு போவாங்க. வாணவேடிக்கை நடக்கும், எல்லாரும் வானத்தைப் பாத்துகினு இருப்பாங்க. நீங்க ஒரு தடவை கீழ பாருங்க. காலைல ஆர்ப்பாட்டமா வந்த சிரசு அப்போ அமைதியா போகும், பின்னாடி கொஞ்சம் வயசான பொம்பளைங்க மட்டும் நடந்துகினு போவாங்க. எங்க அத்தை அப்போ பேசமாட்டாங்க. பொறந்த வீட்டுக்கு வந்துட்டு திரும்பிப் போற பொண்ணை வழியனுப்பற மாதிரி நின்னுகினு இருப்பாங்க.

இவ்ளோ கூட்டம் நமக்கு ஒத்துவராதுன்னு நினைக்கிறவங்க சுத்துப்பட்டு ஊர்ல நடக்கற சிரசுக்கு போங்க, சத்துவாச்சாரி கெங்கையம்மனுக்கும் உண்டு, சின்னச் சின்ன கிராமத்துலயும் சித்திரை வைகாசில தேதி மாத்தி மாத்தி நடக்கும், அங்க அம்மன் முகத்தை கைக்கெட்டுற தூரத்துல பாக்கலாம். சித்திரை கடைசி புதன்கிழமை வேலங்காடு பொற்கொடியம்மன் ஏரித்திருவிழா இருக்கு, ஏரிக்குள்ளயே ஜனங்க மாட்டுவண்டி கட்டிகினு வந்து தங்குவாங்க, அதைப் பாத்துட்டு அப்படியே சிரசுக்கு வந்தா ரெண்டும் ஆச்சு. ரேணுகா கதை மனசுல நின்னுச்சின்னா ஆடி வெள்ளிக்கு திருவண்ணாமலை மாவட்டத்துல இருக்கற படைவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கும் போயிட்டு வாங்க, அங்க கருவறைலயே அம்மன் சிரசா தான் இருக்காங்க.

திரும்ப பஸ் புடிக்க அவசரப்படாதீங்க, வாணவேடிக்கை முடிஞ்ச உடனே ஸ்டாண்டுல நிக்கக்கூட எடம் இருக்காது. ஒரு மணி நேரம் ஆத்து மணல்ல உக்காருங்க. வீட்ல குடுத்த தேங்கா மூடி பையில இருந்துச்சின்னா மறுநாளே துருவிடுங்க, மே மாச வெயில்ல ஒரு நாள் தாண்டுனா ஊசிப்போயிடும்.