பிடித்தம் இல்லாத வருமானமா? ஏப்ரல் வரை காத்திருக்காதீர்கள்

அமெரிக்காவில் சம்பள வேலையில் இருக்கும்வரை வரியைப் பற்றி வருஷத்துக்கு ஒருமுறை, ஏப்ரலில் ரிட்டர்ன் போடும்போது யோசித்தால் போதும். மீதியைக் கம்பெனியே பிடித்துக் கட்டிவிடும். கான்ட்ராக்ட் வேலை, வாடகை, பங்கு விற்ற லாபம் என்று பிடித்தம் இல்லாத பணம் வர ஆரம்பித்ததும் அந்தப் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. பிடித்தமும் கிரெடிட்டும் (வரியில் நேராகக் குறையும் சலுகை) போக 1,000 டாலரோ அதற்கு மேலோ பாக்கி நிற்கும் என்றால், பொதுவாக எஸ்டிமேட்டட் டாக்ஸ், அதாவது வரியை நாமே மதிப்பிட்டு முன்கூட்டியே நாலு தவணையாக, கட்டியாக வேண்டும்.

"ஏப்ரலில் மொத்தமாகக் கட்டிக்கொள்ளலாம்" என்று விடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. அபராதம் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாக, வட்டி மாதிரி ஏறும். கடைசியில் ரீஃபண்ட் வந்தாலும், நடுவில் ஒரு தவணை குறைந்திருந்தால் அதற்கு அபராதம் வரலாம். தவணைகள் ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15. இடைவெளி சமமில்லை என்பதைக் கவனியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று நினைத்து ஜூலைக்குக் காத்திருப்பவர்கள் ஜூனைத் தவறவிடுகிறார்கள்.

புதிதாகத் தனியாகத் தொழில் தொடங்குபவர்களை உண்மையில் கவிழ்ப்பது சுயதொழில் வரி. செலவு போக 20,000 டாலர் லாபம் என்று வையுங்கள். ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கழித்தால் வருமான வரி கொஞ்சம்தான் என்று மனசு நிம்மதியாகிவிடும். ஆனால் அந்தக் கழிவு சுயதொழில் வரியைத் தொடாது. லாபத்தில் 92.35 சதவீதத்துக்கு 15.3 சதவீதம், அதாவது சுமார் 2,826 டாலர், தனியாக நிற்கும். சம்பளத்தில் சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) இரண்டுக்குமான வரியில் பாதியைக் கம்பெனி கட்டியது. இப்போது இரண்டு பாதியும் நம்முடையது. லாபத்தின் அந்த 92.35 சதவீதம் 400 டாலரைத் தொட்டாலே இது வந்துவிடும். கொடுத்த பணத்தைக் காட்டி வேலை கொடுத்தவர் அனுப்பும் 1099 படிவம் கைக்கு வரவில்லை என்பதால் வருமானம் கணக்கில் வராமல் போகாது.

எவ்வளவு கட்டுவது என்று தெரியாமல் திணற வேண்டாம். இந்த வருஷ வரியில் 90 சதவீதம், அல்லது போன வருஷ வரியில் 100 சதவீதம், இதில் எது குறைவோ அதை நேரத்துக்குக் கட்டினால் அபராதம் இல்லை. போன வருஷ ஏஜிஐ (சில கழிவுகள் போக நிற்கும் மொத்த வருமானம்) 1,50,000 டாலரைத் தாண்டியிருந்தால் 100 என்பது 110 ஆகும். இங்கேதான் ஒரு சறுக்கல்: போன வருஷ வரி என்றால் ஏப்ரலில் கடைசியாகக் கட்டிய பாக்கி அல்ல, வருமான வரி ரிட்டர்னான 1040 படிவத்தில் 'மொத்த வரி' என்று போட்டிருக்கும் தொகை. அது 14,200 என்றால் தவணைக்கு 3,550.

அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸின் டைரக்ட் பே தளத்தில் கட்டும்போது அவசரப்படாதீர்கள். காரணம் 'எஸ்டிமேட்டட் டாக்ஸ்', படிவம் 1040-இஎஸ், பிறகு வருஷம். ஜனவரி 15 அன்று கட்டுவது போன வருஷத்துக்கு. புது வருஷத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பணம் அந்தக் கணக்கில் போய் உட்காரும், பழைய தவணை பாக்கியாகவே தெரியும்.

நம்மவர்கள் மறப்பது ஊரில் உள்ள என்ஆர்ஈ டெபாசிட் (வெளிநாட்டில் வாழும் இந்தியர் இந்திய வங்கியில் போடுவது) வட்டி. இந்தியாவில் வரி இல்லை என்பதால் இங்கேயும் இல்லை என்று ஆகாது. அமெரிக்க வரிச் சட்டப்படி இங்கே ரெசிடென்ட் என்றால் அதற்கும் வரி உண்டு, அதையும் தவணைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வீட்டில் ஒருவர் சம்பள வேலையில் இருந்து, இருவரும் சேர்ந்து ஃபைல் செய்பவர்களுக்கு எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று கம்பெனிக்குச் சொல்லும் அவருடைய டபிள்யூ-4 படிவத்தைத் திருத்தி, பிடித்தத்தைக் கூட்டச் சொல்லுங்கள். வருஷக் கடைசியில் பிடித்தாலும் அது வருஷம் முழுக்கச் சமமாகக் கட்டியதாகவே பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும். தவணை தவறியவர்களுக்கு இது பெரிய கைத்தாங்கல்.

மாநில வரி இருக்கும் இடத்தில் அதற்கும் தனித் தவணை இருக்கும். மாநில விதியைப் பார்க்காமல் கூட்டாட்சித் தொகை மாதிரி நாலாக வகுத்துவிடாதீர்கள். கலிஃபோர்னியாவில் ஏப்ரலுக்கு 30 சதவீதம், ஜூனுக்கு 40, ஜனவரிக்கு 30. செப்டம்பருக்கு ஒன்றும் கிடையாது.